நீரில் கரையாத மருந்துக்கு எந்த இயற்கைப் பாலிமர் பொருந்தும்? கைட்டோசான் போதுமா?

பாளை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் தங்கி எம்.ஃபார்ம். படித்து வருகிறேன். நீரில் எளிதில் கரையாத மருந்து ஒன்றை இயற்கைப் பாலிமரால் (நீண்ட சங்கிலி மூலக்கூறால்) ஆன நானோ துகளில் ஏற்றி, வாய்வழியாகக் கொடுக்கும்போது உடலில் சேரும் அளவைக் கூட்டுவது என் ஆய்வேட்டின் பொருள். மருந்தாக, பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல், மஞ்சளிலுள்ள குர்குமின் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு வழிகாட்டி கூறியிருக்கிறார். பாலிமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

நான் நினைத்திருப்பது கைட்டோசான். தூத்துக்குடியில் ஏற்றுமதிக்காக இறால் உரிக்கும் ஆலைகளில் தலையும் ஓடும் கழிவாகச் சேர்கின்றன. அந்த ஓட்டிலுள்ள கைட்டினைக் கடுங்காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட அது, எதிர்மின்னேற்றம் கொண்ட குடல் சளியில் ஒட்டிக்கொண்டு மருந்தைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்தி வைக்கும். சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சூடும் கடுமையான கரைப்பானும் இல்லாமலே துகள் உருவாகிவிடும். 1997இல் இந்த முறை வெளியானதிலிருந்து உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகிறது. இத்தனை நன்மைகளோடு நம் கரையிலேயே கிடைக்கும் பொருள் என்பதும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த இணை சரிதானா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆலங்குளம் மருந்துக்கடை:

தங்கச்சிக்கு வாழ்த்துகள். இரண்டில் இட்ராகொனசோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். சில ஆண்டுகளாக எங்கள் பக்கம் படர்தாமரைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில் இது இல்லாத சீட்டைப் பார்ப்பதே அரிது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டும் பாயும் வழியாக எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

100 மி.கி. கேப்சூலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். தூள் இருக்காது, கடுகைவிடச் சிறிய வெண்ணிற உருண்டைகள் இருக்கும். சர்க்கரை மணிகளின் மேல் மருந்தையும் செல்லுலோஸ் வகைப் பாலிமர் ஒன்றையும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு ஒழுங்காக அமையாத சரக்கானால் சீட்டில் 100 மி.கி. என்று எழுதியிருப்பதில் பொருளில்லை. மருந்து கரையாமலே மலத்தோடு போய்விடும்.

பூச்சு நன்றாக இருந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. இந்த மருந்து கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் கடுங்காப்பியோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கூடவே 'கேஸ் மாத்திரை' என்று ஒமெப்ரசோலும் போட்டு, இருக்கிற அமிலத்தையும் அடக்கிவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். பிறகு சில வாரங்களில் "மருந்து கேட்கவில்லை அண்ணாச்சி" என்று வந்து நிற்பார்கள். உணவையும் அமிலத்தையும் எதிர்பார்க்காமல் கரையும் ஒரு மருந்தை நீங்கள் செய்தால், கடையில் நிற்கும் எனக்கு அதன் அருமை தெரியும்.

தென்காசி பேராசிரியர், ஓய்வு:

அண்ணாச்சி எழுதியதை எண்களில் சொல்லிவிட்டால் மாணவிக்கு வழி தெளிவாகும். மருந்துகளைக் கரைதிறனால் பிரிக்கும் வகைப்பாட்டு விதிப்படி, ஒரு மருந்தின் மிகக்கூடிய ஒற்றை வேளை அளவு, பிஎச் 1 முதல் 6.8 வரை உள்ள 250 மில்லி நீர்மத்தில் முழுவதும் கரைந்தால்தான் அது நன்றாகக் கரையும் மருந்து. 250 மில்லி என்பது மாத்திரையோடு குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீர். இட்ராகொனசோல் கடும் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் கரைகிறது. அந்தக் குவளை முழுவதும் இரைப்பை அமிலமாகவே இருந்தாலும் 100 மி.கி.யில் 1 மி.கி.தான் கரையும். நடுநிலை நீரில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் அளவுதான். கரையவில்லை என்றே கொள்ளலாம். ஆனால் கரைந்த மூலக்கூறு குடல் சுவரைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது. எனவே நாம் வெல்ல வேண்டிய தடை கரைதல் ஒன்றே.

கரையும் வேகம் பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரான் துகளை 100 நானோமீட்டராக்கினால் அதே எடைக்குப் பரப்பளவு நூறு மடங்காகும். நானோ துகளின் பயன் பெரும்பாலும் இதுதான். துகள் முழுசாகக் குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் மிதந்து செல்வதாகப் பலர் படம் வரைகிறார்கள். வாய்வழி மருந்தில் அது மிகச் சிறிய பங்கே. சுவருக்கு அருகில் மருந்தைக் கரைந்த நிலையில் விடுவிப்பதுதான் துகளின் உண்மையான வேலை.

இப்போது கைட்டோசானுக்கு வருகிறேன். அம்மா, அது நீரை விரும்பும் பாலிமர். டிரைபாலிபாஸ்பேட் முறை தண்ணீரிலேயே நடப்பது. உங்கள் மருந்தோ தண்ணீரை வெறுப்பது. அதை ஆல்கஹாலில் கரைத்து அந்தக் கைட்டோசான் கரைசலில் ஊற்றினால் மருந்தின் ஒரு பங்கு துகளுக்குள் போகாமல் பக்கத்திலேயே தனிப் படிகமாக இறங்கிவிடும். பின்னர் சுழற்றிப் பிரிக்கும்போது துகளும் படிகமும் சேர்ந்தே அடியில் படியும். மேலே தெளிந்த நீரில் மருந்து இல்லை என்பதால் எல்லாம் உள்ளே பொதிந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்படும். 80 விழுக்காட்டுக்கு மேல் பொதியும் திறன் (போட்ட மருந்தில் துகளுக்குள் சென்ற பங்கு) என்று படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொன்று. கைட்டோசானின் அமினோ தொகுதி பிஎச் 6.5க்குக் கீழேதான் மின்னேற்றம் பெறும். இரைப்பையின் அமிலத்தில் துகள் ஊதிக் கரையும். குடலின் பிஎச்சில் மின்னேற்றத்தை இழந்து ஒட்டும் தன்மை குறையும். இரண்டு இடத்துக்கும் விடை வைத்துக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும்.

முத்துநகர் ஆய்வகம்:

தூத்துக்குடியில் கடலுணவு ஆய்வகம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பேராசிரியர் ஐயா துகளைப் பற்றி எழுதினார். நான் ஓட்டைப் பற்றி எழுதுகிறேன்.

உரித்த ஓட்டை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். சுண்ணாம்பு பொங்கி நுரைத்து வெளியேறியதும் ஓடு தளர்ந்து துவண்டுவிடும். அடுத்து நீர்த்த காரத்தில் புரதம் போகும். மிஞ்சும் கைட்டின் இளஞ்சிவப்பாக இருக்கும். நிறத்தை நீக்கிய பிறகே வெளுக்கும். அதை 40 முதல் 50 விழுக்காட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் அசிட்டைல் தொகுதிகள் நீங்கிக் கைட்டோசானாகிறது. எத்தனை விழுக்காடு நீங்கியது, சங்கிலி எவ்வளவு நீளமாக மிஞ்சியது என்ற இரண்டும்தான் உங்கள் துகளின் தலைவிதியை எழுதுகின்றன. இறாலின் இனம், ஓடு ஆலையிலிருந்து வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம், வெயிலில் கிடந்த நேரம், காரத்தின் சூடு என எது மாறினாலும் இவை மாறும்.

நல்ல கைட்டோசானை 1 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கலக்கியின் மேல் வைத்து டிரைபாலிபாஸ்பேட்டைச் சொட்ட விடும்போது, தெளிந்த கரைசலில் ஒரு கட்டத்தில் மெல்லிய நீல ஒளிர்வு படரும். துகள் பிறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இன்னும் சற்றுக் கூடினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கிவிடும். அந்த நீல நிலை எந்த விகிதத்தில் வருகிறது என்பது, ஒரே ஆலையின் சரக்கிலேயே ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கு என்றால் கன உலோகம், நுண்ணுயிர் நச்சு, மிஞ்சிய புரதம் என எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. மிஞ்சிய புரதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இறால் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணமான டிரோபோமயோசின் ஒரு புரதமே. கைட்டோசான் இரத்தம் நிறுத்தும் கட்டுகளில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கழிவு என்பதால் மலிவு என்ற கணக்கு கோழித் தீவனத்துக்குச் சரி. மருந்துத் தரத்துக்குக் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்த பிறகு விலை எங்கோ போய்விடும். நம் கரையின் பொருள் உயர வேண்டும் என்ற தங்கையின் ஆசை எனக்கும் உண்டு. அந்த ஆசை நிறைவேற, ஒரே மாதிரியான சரக்கைத் தொடர்ந்து தரும் ஆலைதான் முதலில் வேண்டும்.

பாளை மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. பொதியும் திறனைப் பற்றி ஐயா எழுதியதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? அந்த எண் பெரிதாக இருந்தால் போதும் என்றே இதுவரை எடுத்துக்கொண்டிருந்தோம். கைட்டோசான் வேண்டாமென்றால் எதைத் தேடுவது என்றும் சொல்லுங்கள்.

தென்காசி பேராசிரியர், ஓய்வு:

100 மி.கி. பாலிமருக்கு 5 மி.கி. மருந்து போடுகிறீர்கள். அதில் 4.5 மி.கி. உள்ளே போகிறது. பொதியும் திறன் 90 விழுக்காடு. கட்டுரைக்கு அழகான எண். ஆனால் கிடைத்த 104.5 மி.கி. தூளில் மருந்து 4.5 மி.கி. மட்டுமே; அதாவது மருந்துச் சுமை 4.3 விழுக்காடு. இப்போது ஒரு வேளைக்கு 100 மி.கி. இட்ராகொனசோல் வேண்டுமானால் ஏறத்தாழ 2.3 கிராம் தூள் தேவை. பெரிய கேப்சூல் ஒன்றில் அரை கிராம்தான் கொள்ளும். உறைநிலையில் உலர்த்தும்போது துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கும் டிரெகலோஸோ மானிட்டாலோ இந்தக் கணக்கில் வரவே இல்லை. அண்ணாச்சியின் கடைக்கு வருகிறவர் ஒரு வேளைக்கு ஐந்தாறு கேப்சூல் விழுங்க வேண்டியிருக்கும். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண் மருந்துச் சுமைதான் என்பது என் உறுதியான கருத்து.

இயற்கைப் பாலிமர் நானோ துகளில் சந்தைக்கு வந்து நிலைத்த மருந்து எது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து நீரில் கரையாது. அதைப் பதப்படுத்திய ஆமணக்கெண்ணெய் வகைப் பொருளிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத்தான் நெடுங்காலம் ஏற்றினார்கள். அந்த எண்ணெய்ப் பொருளே கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதால், முன்னதாக ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் போட்டுவிட்டு 3 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு மனித இரத்தத்தின் ஆல்புமினையே எடுத்து, மருந்தோடு சேர்த்து உயர் அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே செலுத்தி, ஏறத்தாழ 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். 2005 ஜனவரியில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எண்ணெய் இல்லை, அரை மணி நேரத்தில் ஏற்றி முடிக்கலாம், வெப்பத்தில் வேகவைக்காமல் 0.22 மைக்ரான் வடிகட்டியிலேயே கிருமி நீக்கலாம். 2021இல் சிரோலிமஸ் மருந்தும் இதே வழியில் அனுமதி பெற்றது.

ஆல்புமின் ஏன் வென்றது? கொழுப்பமிலங்களையும் பிலிருபினையும் இரத்தத்தில் தூக்கிச் செல்வது அதன் பிறவித் தொழில். நீரை வெறுக்கும் மூலக்கூறு வந்து அமர்வதற்கான குழிகள் அதில் ஏற்கெனவே உள்ளன. ஆனால் அதிலும் ஒரு குப்பியில் 100 மி.கி. மருந்துக்கு ஏறத்தாழ 900 மி.கி. ஆல்புமின் போகிறது. நரம்பு வழியே ஏற்றுவதால் அந்த எடை தடையாகவில்லை. விழுங்குவதாக இருந்தால் அதுவே பெரும் சிக்கல்.

ஆகவே பொருள் எங்கே கிடைக்கிறது என்பதற்கு முன்னால், மருந்து எதோடு உறவாடும் என்று பாருங்கள். நீரை வெறுக்கும் மருந்துக்கு நீரை வெறுக்கும் பகுதிகள் கொண்ட பாலிமர் வேண்டும். மக்காச்சோளத்தின் சீன் என்ற புரதம் அப்படிப்பட்டது; தண்ணீரில் கரையாது, 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் கரையும். மருந்தையும் அதே ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகவே துகளாக இறங்கும். மருந்து தனியே படிகமாகும் வாய்ப்பு இதில் குறைவு. நம் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலிலும் மக்காச்சோளம் விளைகிறது என்பதால், மண்ணின் பொருள் வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கும் இது வெகு தூரமில்லை.

பொதிகை சித்த மருத்துவர்:

பேராசிரியர் ஐயாவின் உறவு என்ற பேச்சு எங்கள் துறைக்கு நெருக்கமானது. எந்த மருந்தை எதில் குழைத்துக் கொடுப்பது என்பதற்கு அனுபானம் என்ற முறையே உண்டு. தேன், நெய், பால், வெந்நீர் என்று மருந்துக்கும் நோய்க்கும் ஏற்ப மாறும். மஞ்சளைப் பாலில் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாலின் வெண்மைக்கு ஒரு காரணமான கேசின் என்ற புரதம், சராசரியாக 150 நானோமீட்டர் அளவுள்ள திரள்களாகவே பாலில் மிதக்கிறது. அவற்றின் நீரை வெறுக்கும் பகுதிகளில் குர்குமின் போய் ஒட்டிக்கொள்வதை ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். இயற்கைப் பாலிமர் நானோ துகள் என்று நீங்கள் தேடுவது அடுப்படியில் தினமும் காய்கிறது.

பெருங்குடலுக்கு மருந்து சேர்ப்பவர்களுக்கும் நம் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய நிலவாகையில் உள்ள சென்னோசைடு, சர்க்கரைத் தொகுதி ஒட்டியிருப்பதால் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தப்பிவிடுகிறது. பெருங்குடலின் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். கொத்தவரை விதைப் பிசினையும் பெக்டினையும் மேலுறையாகப் பூசி, பெருங்குடலில் மட்டும் திறக்கும்படி செய்வதும் இதே தத்துவத்தில்தான். மாணவி அடுத்த ஆய்வுக்கு இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குர்குமினோடு மிளகைச் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைபரினை 20 மி.கி. கொடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு பன்மடங்கு உயர்ந்ததாக 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. துகளே இல்லாமல் கிடைத்த உயர்வு அது.

தென்காசி பேராசிரியர், ஓய்வு:

மருத்துவர் சொன்ன கேசின் செய்தி முற்றிலும் உண்மை. சீன் துகளின் மேல் சோடியம் கேசினேட்டைப் பூசினால் துகள்கள் திரியாமல் நிற்பதும் அறிந்ததே. மிளகு பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பைபரின் கரைதலைக் கூட்டவில்லை. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கிறது. குர்குமினுக்குச் செய்யும் அதே வேலையை, அந்த நோயாளி சாப்பிடும் வலிப்பு மருந்துக்கும் செய்யக்கூடும். கரையச் செய்வதும் சிதையாமல் தடுப்பதும் வெவ்வேறு வழிகள். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடக் கூடாது.

குர்குமினை ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புரதம் இல்லாத பிஎச் 7.2 கரைசலில் உடல் வெப்பத்தில் அரை மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். 24 மணி நேர வெளியீட்டு வரைபடம் வரைகிறவர்கள் எதை அளக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பல சோதனைகளில் அது பொய்யான நேர்மறை முடிவைக் காட்டும் மூலக்கூறு என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதிவிட்டார்கள்.

ஆலங்குளம் மருந்துக்கடை:

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கடையில் இப்போது சூபா என்ற வகை இட்ராகொனசோலும் வருகிறது. 65 மி.கி. கேப்சூல் பழைய 100 மி.கி.க்கு ஈடு என்கிறார்கள். கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அது கேட்கிறது. அப்படியானால் இந்த நானோ துகளுக்குத் தேவை இருக்கிறதா?

தென்காசி பேராசிரியர், ஓய்வு:

மிகச் சரியான கேள்வி, அண்ணாச்சி. அதில் இருப்பது ஹைப்ரோமெல்லோஸ் தாலேட். மரத்தின் செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றியது. மருந்து அந்தப் பாலிமருக்குள் மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி நிற்கிறது. இரைப்பையில் பாலிமர் கரையாது. குடலில் கரையும்போது மருந்தைத் தன்னோடு கரைந்த நிலையில் வெளியே விடும். அது நானோ துகள் இல்லை, திடக்கரைசல் வகை. மாணவியின் துகள் போட்டியிட வேண்டியது சாதாரணத் தூளோடு இல்லை, இதோடுதான். வெறும் மருந்துத் தூளோடு ஒப்பிட்டுப் பத்து மடங்கு என்று எழுதுவது எளிது. கடையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல மருந்தோடு ஒப்பிட்டு இரண்டு விழுக்காடு முந்தினாலும் அது செய்தி.

பாளை மாணவி:

தெளிவு கிடைத்தது. வழிகாட்டியிடம் பேசி, இட்ராகொனசோல், சீன் உட்கரு, கேசினேட் மேலுறை என்று முடிவு செய்திருக்கிறோம். மருந்துச் சுமை 15 விழுக்காட்டைத் தொடாவிட்டால் அந்தச் சேர்மானத்தைக் கைவிடுவது என்றும் எழுதி வைத்துவிட்டேன். வெறும் மருந்து, மருந்தும் சீனும் வெறுமனே கலந்த தூள், கடையில் கிடைக்கும் உருண்டை வகை, சூபா வகை ஆகிய நான்கோடும் ஒப்பிடுவோம். அண்ணாச்சி சொன்ன கேஸ் மாத்திரை நோயாளிக்காக, பிஎச் 1.2 மட்டுமன்றி பிஎச் 5 இரைப்பை நீர்மத்திலும் தொடங்கிப் பிறகு 6.8க்கு மாற்றுவோம். கைட்டோசானை முழுவதும் விடவில்லை. கடைசியில் ஒரு தொகுதிக்கு மட்டும் அதை மெல்லிய வெளிப்பூச்சாகப் பூசிப் பார்க்க விரும்புகிறேன். முத்துநகர் அண்ணன் உதவ முடியுமா?

முத்துநகர் ஆய்வகம்:

உதவுகிறேன், தங்கச்சி. விற்பவரிடம் வாங்கும்போது அசிட்டைல் நீக்க அளவு, பிசுபிசுப்பு, சாம்பல் அளவு மூன்றும் எழுதிய சான்றிதழை அந்தத் தொகுதி எண்ணோடு கேட்டு வாங்குங்கள்; 'உயர்தரம்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். ஆய்வு முடியும் வரை ஒரே தொகுதியிலிருந்தே எடுக்குமளவுக்கு முதலிலேயே வாங்கிப் பிரித்து, காற்றுப் புகாமல் குளிரில் வையுங்கள்.

வெளியீட்டைச் சவ்வுப் பையில் வைத்து அளக்கப் போகிறீர்கள் என்றால், துகளே இல்லாத வெறும் இட்ராகொனசோல் படிகத்தையும் இன்னொரு பையில் வைத்து அதே நேரத்தில் அளந்துவிடுங்கள். கரையாத மருந்து பைக்குள் சும்மா கிடந்தாலும் வெளியே மெதுவாகத்தான் கசியும். அந்தக் கோடும் உங்கள் துகளின் கோடும் ஒன்றாகவே போனால், மெதுவான வெளியீட்டுக்குத் துகள் காரணமில்லை. உலர்த்திய தூளைத் தண்ணீரில் மறுபடி கலக்கி, அளவு பழையபடி வருகிறதா என்பதையும் உலர்த்திய அன்றும், ஒரு மாதம் கழித்தும் பாருங்கள். நம் கரையோர ஈரக்காற்றில் பல நல்ல தூள்கள் அந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை.

சாம்பலும் ஈரப்பதமும் எங்கள் ஆய்வகத்திலேயே அளந்து தர முடியும். மாதிரி 10 கிராம் போதும்.